கிளேர் ஃபிஷரைக் கேட்பது எப்படி: ஜாஸ், லத்தீன், சோல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு முழுமையான வழிகாட்டி

டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி 1960இல் டியூக் எலிங்டனின் பாடல்களை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு, வைப்ரஃபோன் கலைஞர் கால் ஜேடரின் மெக்சிகோ–பிரேசில் ஆல்பம், எழுபதுகளில் ரூஃபஸ் குழுவோடு சாக்கா கான் பாடிய பாட்டுகள், 1986இல் வந்த பிரின்ஸின் 'பரேட்'. இவற்றில் ஒன்றையாவது கேட்டிருந்தால் கிளேர் ஃபிஷரையும் கேட்டிருக்கிறீர்கள். பெயர் தெரியாமல் இருந்திருக்கலாம். அதில் வியப்பில்லை, கில்லெஸ்பியின் அந்த இசைத்தட்டு முதலில் வெளிவந்தபோது அதன் உறையிலேயே அவர் பெயர் இல்லை.

ஃபிஷர் ஓர் அரேஞ்சர். மெட்டு யாருடையதாகவும் இருக்கலாம், பாடுபவரும் யாராகவும் இருக்கலாம். அந்த மெட்டுக்கு அடியில் எந்தக் கருவி, எந்த ஸ்வரத்தை, எப்போது வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பது அரேஞ்சரின் வேலை. இந்த வேலையில் பலர் ஏதாவது ஒரு துறையோடு நின்றுவிடுவார்கள். பிக் பேண்ட் என்ற பெரிய ஜாஸ் குழுவுக்கு எழுதுபவர் சோல் பாட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்பார். ஃபிஷர் ஜாஸ், லத்தீன், சோல் என்ற மூன்று வீட்டிலும் சொந்தக்காரராக இருந்தார். காரணம் தாளம் பற்றிய அறிவு மட்டுமல்ல. மேலே மெட்டும் கீழே பேஸும் (தாழ்ந்த ஸ்வரங்கள்) போக, இரண்டுக்கும் நடுவில் வரும் குரல்களை, அதாவது மற்ற கருவிகளோ பாடகர்களோ தொடரும் வரிகளை, அவர் எழுதிய விதம்தான் மூன்று வகை இசையிலும் அவரை அடையாளம் காட்டுகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நடுக்குரல்களைப் பின்தொடர்வதற்காகத்தான்.

முதல் படி: காதைத் தயார் செய்வது

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஃபிஷருக்குப் பிடித்த பேஸ் கிளாரினெட், ஆல்டோ ஃப்ளூட், டியூபா போன்ற கனத்த குரல்கள் அதில் காணாமல் போய்விடும். சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும்.

ஒரு பாட்டின் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று முறை கேளுங்கள். முதல் முறை மெட்டை மட்டும் கவனியுங்கள், இரண்டாம் முறை பேஸை மட்டும். மூன்றாம் முறை இரண்டையும் விட்டுவிட்டு, நடுவில் நகரும் ஏதாவது ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து முணுமுணுத்துப் பாருங்கள். சாதாரண அரேஞ்ச்மென்டில் அந்த நடுக்குரல் ஒரே ஸ்வரத்தில் நிற்கும், இல்லையென்றால் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) நிரப்ப அங்குமிங்கும் தாவும். ஃபிஷரிடம் அதுவே தனி மெட்டாக இருக்கும். முணுமுணுக்க முடிகிறதா இல்லையா என்பதுதான் சோதனை. சங்கீத இலக்கணம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாம் படி: நான்கு குரல்களில் தொடங்குவது

ஃபிஷர் 1928இல் மிச்சிகன் மாநிலத்தின் டுராண்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்திலேயே பியானோவோடு செல்லோ, கிளாரினெட், டியூபா என்று கையில் கிடைத்ததை எல்லாம் கற்றுக்கொண்டார். பிறகு மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இசையமைப்புப் படித்தார். அங்கே லத்தீன் அமெரிக்க மாணவர்களோடு பழகிய பழக்கத்தில் அவர்கள் இசையும் ஸ்பானிஷ் மொழியும் கூடவே வந்தன. ராணுவ சேவை வெஸ்ட் பாயின்ட் இசைக்குழுவில் கழிந்தது.

1957 வாக்கில் ஹை-லோஸ் என்ற நால்வர் குரல் குழுவுக்குப் பியானோ வாசிக்க வந்தார். அந்தக் குழுவின் மூளை ஜீன் பியர்லிங். குரல் அரேஞ்ச்மென்டுகளில் பெரும்பங்கு அவருடையதுதான், ஃபிஷரும் சிலவற்றை எழுதினார். ஆரம்பப் பாடமாக இந்தக் குழுவை நான் சொல்வதற்குக் காரணம் எளிது. மொத்தம் நான்கே குரல்கள், எண்ணிவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து இரண்டாவது குரலைத் தேடிப் பிடியுங்கள். கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நால்வரும் அவ்வளவு நெருக்கமாக நிற்பார்கள். ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக், தன்னுடைய ஹார்மனிக்கு (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் முறைக்கு) ஃபிஷரிடமிருந்து கற்றது நிறைய என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். அவர் காது வளர்ந்ததும் இந்தக் குழுவின் இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான்.

ஹை-லோஸின் எல்லா ஆல்பமும் தேவையில்லை. சிலவற்றில் அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சி வாடை தூக்கலாக அடிக்கும். 1957இன் 'சடன்லி இட்ஸ் தி ஹை-லோஸ்' போதும்.

மூன்றாம் படி: கில்லெஸ்பி, எலிங்டன், பெயர் இல்லாத உறை

இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்டுக்காக ஃபிஷர் 1957இல் ஸ்ட்ரிங்ஸோடு (வயலின், செல்லோ போன்ற வில் வாத்தியங்களோடு) ஓர் ஆல்பம் எழுதினார். அது அப்போது வெளிவரவில்லை. 1982இல்தான் 'செப்டம்பர் ஆஃப்டர்நூன்' என்ற பெயரில் வந்தது. ஆனால் அந்த ஒலிப்பதிவு கில்லெஸ்பியின் காதுக்குப் போய்ச் சேர்ந்து, அதன் பலனாக 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் டியூக் எலிங்டன்' வேலை ஃபிஷருக்குக் கிடைத்தது.

எலிங்டனை அரேஞ்ச் செய்வது ஆபத்தான காரியம், ஏனென்றால் எலிங்டனே பெரிய அரேஞ்சர். அவர் பாணியைப் பின்பற்றினால் நகல் என்பார்கள், விட்டு விலகினால் இது எலிங்டனே இல்லை என்பார்கள். ஃபிஷர் கருவிகளையே மாற்றிவிட்டார். வழக்கமான பிக் பேண்டின் டிரம்பெட் வரிசையும் சாக்ஸபோன் வரிசையும் போய், பிரெஞ்சு ஹார்ன்களும் டியூபாவும் ஃப்ளூட், கிளாரினெட் போன்ற காற்றுக் கருவிகளும் வந்தன. பியானோ, பேஸ், டிரம்ஸ் அடங்கிய ரிதம் பிரிவில் ஹாங்க் ஜோன்ஸ், ஜார்ஜ் டுவிவியர், சார்லி பெர்சிப். இத்தனைக்கும் மேலே கில்லெஸ்பியின் டிரம்பெட் தனியாக நிற்கிறது.

'சோஃபிஸ்டிகேட்டட் லேடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எலிங்டன் குழுவின் ஏதாவது ஒரு பதிவைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். மெட்டு அதேதான். அந்த மெட்டில் ஏற்கெனவே அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்கும் இடங்கள் உண்டு. அந்த இறக்கம் மேலே மட்டும் நடக்காமல் நடுவிலும் எப்படிப் பரவுகிறது என்று ஹார்ன்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். உரத்த இடங்களைத் தேடி வருபவர்களுக்கு இந்த ஆல்பம் அடக்கமாகத் தோன்றலாம். பொறுமையாகக் கேட்டால் கில்லெஸ்பியே வழக்கத்தைவிடச் சுருக்கமாக, இடம்விட்டு வாசிப்பது தெரியும். அடியில் இவ்வளவு நடக்கும்போது அவர் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

நான்காம் படி: அவருடைய சொந்த பிக் பேண்ட்

1963இல் பசிபிக் ஜாஸ் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்டென்ஷன்'தான் ஜாஸ் அரேஞ்சராக அவர் முழு பலத்தையும் காட்டிய இடம் என்பது என் கட்சி. டெனர் சாக்ஸபோனில் ஜெர்ரி கோக்கர். 'இகோர்' என்ற பாட்டின் தலைப்பே இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கிக்கு வணக்கம் வைக்கிறது. பார்டோக், ஷோஸ்டகோவிச் போன்றவர்களைப் படித்த கை இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனாலும் ஸ்விங் விட்டுப்போகவில்லை, அதுதான் விசேஷம்.

முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேட்டால் திகட்டும். 'குவைட் டான்' என்ற பாட்டை மட்டும் எடுத்து, முதல் படியில் சொன்ன மூன்று முறை கேட்கும் பயிற்சியைச் செய்யுங்கள். கார்டு மாறும்போது எல்லாக் குரலும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. ஒன்று முந்துகிறது, ஒன்று தங்கிப் பின்னால் வருகிறது. கார்டுகள் தட்டுத்தட்டாக வராமல் ஒன்றிலிருந்து ஒன்று கசிந்து வருவது போலத் தோன்றுவது இதனால்தான்.

அப்புறம் 1969இல் அட்லாண்டிக்கில் வந்த 'தெசாரஸ்'. இதில் 'அப்பர் மன்ஹாட்டன் மெடிக்கல் குரூப்' இருக்கிறது. கில்லெஸ்பி ஆல்பத்திலும் அதே பாட்டு உண்டு. ஒரே அரேஞ்சர், ஒரே மெட்டு, கிட்டத்தட்ட பத்து வருட இடைவெளி, முற்றிலும் வேறு கருவிக் கூட்டம். அரேஞ்சரின் வேலை என்ன என்பதை விளக்க இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. 'தெசாரஸ்' பின்னாளில் டிஸ்கவரி நிறுவனத்தின் மறுவெளியீட்டில் ''ட்வாஸ் ஒன்லி யெஸ்டர்டே' என்று பெயர் மாறியது. ஃபிஷரின் இசைத்தட்டுகள் பலமுறை கைமாறியவை. ஆண்டை மட்டும் பார்த்து வாங்கினால் ஒரே ஆல்பத்தை இரண்டு முறை வாங்க நேரிடும். பாட்டுப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: லத்தீன் பக்கம் திரும்புவது

இந்தப் பக்கம் வளமானது, வழி தவறவும் வாய்ப்பு அதிகம். 1962இல் அமெரிக்கா முழுக்க போஸா நோவா என்ற பிரேசில் இசையின் அலை. எல்லாருமே ஒரு போஸா நோவா ஆல்பம் போட்டார்கள். ஃபிஷரும் பட் ஷாங்க், ஜார்ஜ் ஷேரிங் ஆகியோருக்காக எழுதினார். ஷேரிங் ஆல்பம் மரியாதையான வேலை, அவ்வளவுதான். முதல் சுற்றில் விட்டுவிடலாம்.

விடக்கூடாதது அதே ஆண்டில் வெர்வ் நிறுவனத்துக்காகக் கால் ஜேடர் வாசித்த மெக்சிகோ–பிரேசில் ஆல்பம். மெக்சிகோவின் மரியோ ரூயிஸ் ஆர்மெங்கோல் எழுதிய மெட்டுகளை ஃபிஷர் தேர்ந்தெடுத்திருந்தார். லத்தீன் என்றாலே காங்கா மேளமும் ஆரவாரமும் என்று நினைத்திருந்த காலத்தில், ஹார்மனி செழித்த மென்மையான மெக்சிகோ மெட்டுகளைத் தேடிப் போனது அவர் படிப்பின் பலன். கிட்டார் லவுரின்டோ அல்மெய்டா.

இதற்குப் பிறகு 'பென்சாடிவா'வுக்கு வாருங்கள். ஃபிஷரே எழுதிய போஸா நோவா, பட் ஷாங்கோடு 1962இல் பதிவானது. பியானோவோ கிட்டாரோ கையில் இருந்தால் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பாட்டு ஜி ஃப்ளாட் மேஜரில் நிற்கிறது. அடுத்த கார்டு அதற்கு அரை ஸ்வரம் மேலே, ஜி செவன்த். பின்பு திரும்பவும் வீட்டுக்கு. பக்கத்துக் கட்டைக்குத் தாவித் திரும்புகிற விஷயம்தான். ஆனால் கைவிரல்களை எல்லாம் ஒன்றாக நகர்த்தினால் கரடுமுரடாகக் கேட்கும். சில விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு சிலவற்றை மட்டும் நகர்த்திப் பாருங்கள், அந்தப் பாட்டின் மிதப்பு வந்துவிடும். கருவி இல்லாதவர்கள் வேறு வழியில் போகலாம். ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் 1964இல் 'ஃப்ரீ ஃபார் ஆல்' ஆல்பத்தில் இதையே வாசித்தார்கள். மென்மையாக எழுதப்பட்ட மெட்டு, முரட்டு டிரம்ஸுக்கு மேலேயும் உடையாமல் நிற்கிறது.

'மார்னிங்' இன்னொன்று. 1965இன் 'மான்டேகா!' ஆல்பத்தில் ஃபிஷரே முதலில் பதிவு செய்த சா-சா-சா, அதாவது கியூபா நடனத் தாளத்தில் அமைந்த பாட்டு. அடுத்த ஆண்டு கால் ஜேடர் தன் 'சோல் பர்ஸ்ட்' ஆல்பத்தில் எடுத்துக்கொண்டார். லத்தீன் ஜாஸ் குழுக்களுக்கு இன்றும் இது பாடப்புத்தகப் பாட்டு. தாளத்தை ஊன்றிக் கேளுங்கள். சா-சா-சா அசையாமல் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், மேலே கார்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். கியூபா தாளத்துக்குள் கிளாவே என்று ஓர் எலும்புக்கூடு உண்டு, இரண்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஐந்து அடி. மெட்டு அதோடு மோதினால் வாசிப்பவர்களுக்கு உடனே குத்தும். ஃபிஷர் எவ்வளவு அடர்த்தியான ஹார்மனியை ஏற்றினாலும் அந்த எலும்புக்கூட்டின் மேல் கை வைக்கவில்லை. வெளியிலிருந்து வந்தவரைத் தாள வாத்தியக்காரர்கள் தங்களவராக ஏற்றுக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் 'சல்சா பிகான்டே' குழு. ஃபிஷர் யமஹா எலெக்ட்ரானிக் ஆர்கனில், பக்கத்தில் காங்காவோடு இளைஞர் பொன்சோ சான்செஸ். அந்த ஆர்கனின் ஒலி எல்லாருக்கும் பிடிக்காது, எனக்கே சில நேரம் நெருடும். ஆனால் 1981இன் '2+2'வைத் தவறவிடாதீர்கள். அதே குழுவோடு இரண்டு பெண் குரல், இரண்டு ஆண் குரல். ஹை-லோஸில் பழகிய நான்கு குரல் எழுத்து, இருபது வருடம் கழித்து காங்காவின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டாம் படியில் செய்த பயிற்சி இங்கே கைகொடுக்கும். இந்த ஆல்பத்துக்காக லத்தீன் பிரிவில் கிராமி விருதும் வந்தது.

ஆறாம் படி: சோல், அப்புறம் பிரின்ஸ்

இந்த வாசல் குடும்பம் வழியாகத் திறந்தது. ரூஃபஸ் குழுவின் டிரம்மர் ஆன்ட்ரே ஃபிஷர் இவருடைய அண்ணன் மகன். அந்தக் குழுவின் ஆல்பங்களுக்கு கிளேர் ஸ்ட்ரிங்ஸ் எழுதத் தொடங்கினார். 1977இன் 'ஆஸ்க் ரூஃபஸ்' கேளுங்கள்.

அந்தக் காலத்து சோல், டிஸ்கோ பாட்டுகளில் ஸ்ட்ரிங்ஸ் பெரும்பாலும் இரண்டு வேலைதான் செய்யும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மேலே சர்ரென்று ஒரு ஓட்டம், இல்லையென்றால் பின்னால் நீண்ட ஒரே ஸ்வரம். ஃபிஷரின் வயலின்களைவிட வயோலாவையும் செல்லோவையும் கவனியுங்கள். சாக்கா கானின் குரல் கனமானது, எந்த ஸ்ட்ரிங்ஸையும் நசுக்கிவிடும். ஃபிஷர் அவரோடு மேலே போட்டி போடாமல், அவர் பாடும் உயரத்துக்குக் கீழே தன் கதையை நடத்துகிறார்.

இந்த வேலையைக் கேட்டுத்தான் மற்ற சோல், ஆர் அண்ட் பி கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பிரின்ஸும் அப்படித்தான். முதலில் பிரின்ஸ் உருவாக்கிய 'தி ஃபேமிலி' குழுவின் 1985 ஆல்பம். 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' என்றால் 1990இல் ஷினேட் ஓ'கானர் பாடியதுதான் உலகத்துக்குத் தெரியும். அதன் முதல் பதிவு இந்த ஆல்பத்தில், ஃபிஷரின் ஸ்ட்ரிங்ஸோடு இருக்கிறது. 1990 பதிவு உங்களுக்கு மனப்பாடம் என்றால் நல்லதாகப் போயிற்று, மெட்டைக் கவனிக்கும் வேலை மிச்சம். நேராக நடுக்குரலுக்குப் போய்விடலாம்.

இவர்கள் வேலை செய்த முறை விசித்திரமானது. பிரின்ஸ் டேப்பை அனுப்புவார். ஃபிஷரின் மகன் பிரென்ட் அதில் இருக்கும் ஒவ்வொன்றையும், குரல், பேஸ், டிரம் அடி எல்லாவற்றையும், காதால் கேட்டுத் தாளில் இறக்குவார். அந்தத் தாளின் மேல் ஃபிஷர் ஆர்கெஸ்ட்ராவை எழுதி, லாஸ் ஏஞ்சலிஸில் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். பிரின்ஸ் ஒலிப்பதிவுக்கு வருவதில்லை. இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. நன்றாக நடக்கிற காரியத்தைச் சந்தித்துக் கெடுத்துவிடக் கூடாது என்று பிரின்ஸ் நினைத்ததாகச் சொல்வார்கள். இதில் அரேஞ்சருக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது, 'இங்கே குறை, அங்கே கூட்டு' என்று தலைக்கு மேல் நிற்க ஆள் இல்லை. எழுதியதில் எவ்வளவு பயன்படும் என்பது பிரின்ஸின் மிக்ஸிங் மேஜையில் முடிவாகும். சில பாட்டுகளில் ஆர்கெஸ்ட்ரா முழுதும் கேட்கும், சிலவற்றில் ஓர் ஓரத்தில் எட்டிப் பார்க்கும்.

'பரேட்' ஆல்பத்தை அந்த எண்ணத்தோடு கேளுங்கள். முதல் பாட்டான 'கிறிஸ்டோபர் டிரேஸிஸ் பரேட்'டில் ஆர்கெஸ்ட்ரா எட்டுத் திக்கிலிருந்தும் வருகிறது. 'வீனஸ் டி மைலோ'வில் பாடகரே இல்லை, முழுக்க வாத்தியம். 'கிஸ்' பாட்டில் ஆர்கெஸ்ட்ரா கிடையாது, பேஸ்கூடக் கிடையாது. அதைத் தொடர்ந்து வேறொரு பாட்டைப் போட்டால் ஃபிஷர் வந்தால் என்ன மாறுகிறது என்பது தானாகவே புரிந்துவிடும். இந்த வரிசையில் நீளமான விருந்து வேண்டுமென்றால் 'கிரிஸ்டல் பால்', 1986இல் பதிவாகி 1998இல் வெளிவந்த பாட்டு.

ஏழாம் படி: ஒரு குரல், ஒரு கிட்டார்

1991இல் போஸா நோவா பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோவின் 'ஜோவாவ்' ஆல்பத்துக்கு ஃபிஷர் எழுதினார். ஜில்பெர்டோ அரேஞ்சர்களுக்கு ஒரு சோதனை. அவர் குரலும் கிட்டாருமே போதுமானவை, மேலே எதைச் சேர்த்தாலும் கூடுதலாகப்பட வாய்ப்பு உண்டு. 1977இல் 'அமோரோசோ'வில் கிளாஸ் ஓகர்மன் இதே சோதனையை எதிர்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஓகர்மனின் ஸ்ட்ரிங்ஸ் தூரத்தில் நீளமாக, மெதுவாக நகர்பவை. ஃபிஷர் கிட்டத்தில் வந்து, உள்ளுக்குள் அசைந்துகொண்டே இருப்பவர். பலருக்கு ஓகர்மன்தான் பிடிக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. ஃபிஷர் சில பாட்டுகளில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டார். ஆனால் இரண்டு அரேஞ்சர்களை அருகருகே வைத்துப் பார்க்க இவ்வளவு வசதியான ஜோடி கிடைப்பது அரிது.

ஃபிஷர் 2012 ஜனவரியில் காலமானார். மகன் பிரென்ட் முடித்து வெளியிட்ட '¡ரிட்மோ!'வுக்கு லத்தீன் ஜாஸ் பிரிவில் கிராமி கிடைத்தது. அடுத்த ஆண்டு, ஆல்டோ சாக்ஸபோனுக்கும் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக அவர் எழுதிய 'பென்சாமியென்டோஸ்' வாத்திய இசையமைப்புக்கான கிராமியைப் பெற்றது. முதல் ஆறு படிகளை முடித்தவர்களுக்கு 'பென்சாமியென்டோஸ்' சுலபமாகத் திறக்கும், நேராக அங்கே போனவர்களுக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

அதற்குப் பிறகு

இதே மூன்று முறை கேட்கும் பயிற்சியோடு அடுத்த அரேஞ்சருக்கு நகரலாம். சோல் பிடித்தவர்கள் சார்லஸ் ஸ்டெப்னிக்குப் போங்கள். மின்னி ரிப்பர்டனின் 1970 ஆல்பமான 'கம் டு மை கார்டன்' நல்ல வாசல். ஜாஸ் பக்கம் ஆலிவர் நெல்சனின் 1961 ஆல்பம் 'தி ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்'. வாத்தியக்காரர்கள் குறைவு, அதனால் யார் என்ன வாசிக்கிறார் என்று பிரித்தறிவது எளிது. லத்தீன் பக்கம் சிகோ ஓ'ஃபாரில் 1950இல் மாசிட்டோ குழுவுக்கு எழுதிய 'ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் சூட்'. சார்லி பார்க்கர் அதில் வாசிக்கிறார், ஆனால் முதல் தடவை அவரை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் டிரம்பெட்களைக் கேளுங்கள்.